பனமரத்துப்பட்டி எப்படி முந்திக்கிச்சு?

மூணு ஊர் பேர் சொல்றேன்: பரமத்தி, பள்ளிபாளையம், பனமரத்துப்பட்டி. முதல் ரெண்டும் நாமக்கல் மாவட்டம், மூணாவது சேலம். தமிழ் அகராதி வரிசையும் இதேதான்: முதல்ல ர, அப்புறம் ள, கடைசியில் ன. இந்தப் பேர்கள்ல மூணு ஃபோல்டர் போட்டு, ஜாவாவில் எழுதின பழைய சாஃப்ட்வேர் ஒண்ணுல 'ஓப்பன்' அழுத்திப் பாருங்க. பெரும்பாலும் பனமரத்துப்பட்டிதான் மேல நிக்கும்.

மூணு ஊர்னா சிரிச்சிட்டுப் போயிடலாம். ஊர்வாரியா அம்பது ஃபோல்டர் வச்சிருக்கிற லாரி ஆபீஸ்ல, கண்ணு கீழ தேடும், ஃபோல்டர் மேல இருக்கும். காணோம்னு புதுசா ஒண்ணு போட்டுட்டா, கணக்கு ரெண்டு இடத்துல கிடக்கும்.

இது எங்க ஆரம்பிச்சது? 1996 ஜனவரியில் ஜாவா 1.0 வந்தது. ஒரு தடவை எழுதினா எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடணும், அதுதான் அவங்க வாக்கு. ஃபைல் டயலாக்கை ஆபரேட்டிங் சிஸ்டம் கிட்ட கடன் வாங்கினாங்க. விண்டோஸ்ல விண்டோஸ் டயலாக், மேக்ல மேக் டயலாக். ஆனா ஃபைல் பேரை வடிகட்டுற வசதி விண்டோஸ்ல வேலை செய்யாதுன்னு ஜாவா ஆவணத்துலயே எழுதி வச்சிருந்தாங்க! (படிச்சப்போ எனக்கு அந்த நேர்மை பிடிச்சிருந்தது.)

1998 டிசம்பர்ல ஜாவா 1.2-ல் ஸ்விங் சேர்ந்தது. இனி கடன் வேண்டாம், ஒவ்வொரு பட்டனையும் நாமே வரைவோம்னு முடிவு. ஜேஃபைல்சூசர் பிறந்தது. வடிகட்டலாம், ஃபோல்டரையே தேர்ந்தெடுக்கலாம். ஆனா நாமே வரைஞ்சா, வரிசைப்படுத்துற வேலையும் நம்ம தலையிலதான். ஜாவா பேர்களை யூனிகோட் எண்ணை வச்சு ஒப்பிட்டது. அதுல ன 2985, ர 2992, ள 2995. பனமரத்துப்பட்டி முந்தினது இப்படித்தான்.

அந்த எண்கள் 1988-ல் வந்த இஸ்கி என்ற இந்தியத் தரத்திலிருந்து வந்தவை. எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே சட்டகம். அதனால ந பக்கத்துல ன, ர பக்கத்துல ற. நம்ம அகராதி வேற மாதிரின்னு அந்தச் சட்டகத்துக்குக் கவலை இல்லை.

எனக்குக் கடுப்பேத்துற விஷயம் இது: சரியா வரிசைப்படுத்துற கருவி ஜாவாவில் முன்னாடியே இருந்தது. நாமக்கல் 1997 ஜனவரியில் தனி மாவட்டமாச்சு. அடுத்த மாசமே வந்த ஜாவா 1.1-ல் கொலேட்டர் இருந்தது. எந்த எழுத்து முன்னாடி, எது பின்னாடின்னு விதியை நாமே எழுதிக் கொடுக்கலாம். ஆனா அந்த விதியை ஜேஃபைல்சூசர் கிட்ட கொடுக்க நேரடி வழி வைக்கலை.

2011-ல் ஜாவாஎஃப்எக்ஸ் 2.0 மறுபடி ஆபரேட்டிங் சிஸ்டத்தோட டயலாக்குக்கே திரும்பிடுச்சு. என் ஓட்டு அதுக்குத்தான். வரிசைப் பொறுப்பு சிஸ்டம் கிட்ட போயிடுது, அங்கே சரிபண்ணினா எல்லா ஆப்புக்கும் சரியாகும். ஸ்விங்கும் போகலை, இன்னைக்கும் ஜேடிகேயில் இருக்கு. அதை வச்சு ஓடுற பழைய பில்லிங் சாஃப்ட்வேரும் இருக்கு. அந்த மாதிரி ஒரு ஆபீஸ்ல நான் பார்த்தது: ஒவ்வொரு ஊர் பேருக்கு முன்னாடியும் 01, 02-ன்னு எண் போட்டு வச்சிருந்தாங்க.