கண்டிச் சீமை: ஒரு மலைத் தலைநகரின் வரலாறு

நமது பகுதி முதியோரின் பேச்சில் 'கண்டிச் சீமை' என்ற சொல் வருவதை வாசகர்கள் கேட்டிருப்பீர்கள். பிள்ளையார்பட்டி, காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் இலங்கைத் தீவையே அப்பெயரால் குறித்தனர். ஒரு நாட்டை ஒரு நகரின் பெயரால் அழைக்கும் அளவுக்கு அந்நகரோடு நம் முன்னோருக்கு உறவு இருந்தது. இன்று இலங்கை மத்திய மாகாணத்தின் தலைநகராக விளங்கும் அம்மலை நகரின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

இயற்கை அரண்

கண்டி கடல் மட்டத்திற்குச் சுமார் 500 மீட்டர் உயரத்தில் அமைந்தது. மலைநாடு எனப் பொருள்படும் 'கந்த உட ரட்ட' என்ற சிங்களத் தொடரிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். சிங்கள மக்கள் இதனை 'மகா நுவர', அதாவது பெருநகர் என்று அழைக்கின்றனர். மலையும் காடும் மகாவலி கங்கையும் அதற்குக் காவலாயின. கடற்கரைப் பகுதிகளைப் போர்த்துக்கீசியரும், பின்னர் ஒல்லாந்தரும் கைப்பற்றியபோதும் கண்டி அடிபணியவில்லை. 1803இல் படையெடுத்த ஆங்கிலேயரும் தோற்றுத் திரும்பினர். 1815 மார்ச் 2ஆம் நாள் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் மூலமே அவ்வரசு ஆங்கிலேயர் வசமாயிற்று.

அந்நகரின் கடைசி நான்கு அரசர்கள் மதுரை நாயக்கர் உறவினர். 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணை ஏறியதோடு அம்மரபு தொடங்கியது. அதன் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே இன்று நகருக்கு அழகு தரும் ஏரியை வெட்டியவன். வேலூரில் சிறை வைக்கப்பட்ட அம்மன்னன் 1832இல் அங்கேயே உயிர் நீத்தான்.

புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகை நகரின் நடுவே உள்ளது. ஆண்டுதோறும் நடைபெறும் பெரகரா ஊர்வலத்தில் விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினித் தெய்வம் ஆகியோரின் ஆலய ஊர்வலங்களும் இடம் பெறுகின்றன. அப்பத்தினி நம் கண்ணகியே என்பது குறிப்பிடத்தக்கது. 1988இல் இந்நகர் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

சிறைக்கூடத்திலிருந்து திருமறைப் பணி

ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்தபோது, விசுவாசிகள் பலருக்குப் புகலிடம் தந்தது கண்டி அரசே. அவர்களைத் தேடி வந்தவர் கோவாவில் 1651இல் பிறந்த புனித ஜோசப் வாஸ் அடிகளார். 1687இல் ஏழைக் கூலியாளின் உடையில் யாழ்ப்பாணம் சேர்ந்த அவர், 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கீசியரின் ஒற்றர் என்ற ஐயத்தால் சிறையிலிடப்பட்டார். 1697இல் நகரில் பெரியம்மை பரவி, வசதியுள்ளோர் ஊரைவிட்டு ஓடினர். அடிகளாரோ கைவிடப்பட்ட நோயாளிகளிடையே தங்கி, மதவேறுபாடு பாராது பணிவிடை செய்தார். மன்னனின் மதிப்பை அவருக்குப் பெற்றுத் தந்தது இத்தொண்டே. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்த அவரை, 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

பிற்காலத்தில் நாயக்க மன்னன் ஆட்சியில் கத்தோலிக்கர் துன்புற்றதையும் மறைப்பதற்கில்லை. 1893இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயரின் விருப்பப்படி கண்டியில் பாப்பரசர் குருமடம் நிறுவப்பட்டது. அது 1955இல் பூனாவுக்கு மாற்றப்படும்வரை இந்தியக் குருக்கள் பலரை உருவாக்கிற்று.

நம்மவர் வியர்வை

ஆங்கிலேயர் காலத்தில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. காப்பிச் செடிகள் நோயால் அழிந்தபின் தேயிலை பெருகிற்று. செட்டிநாட்டு நகரத்தார் கண்டியில் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். தோட்டத்தில் உழைக்கச் சென்றோரோ இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளின் ஏழை மக்கள். கங்காணிகள் பின்னே தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். வழியிலேயே காலராவுக்கும் பசிக்கும் பலியானோர் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மக்களின் சந்ததியார் குடியுரிமை இழந்தனர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அம்மக்களுள் பெரும்பாலோர் கண்டிச் சீமையிலேயே பிறந்தவர்கள். அங்கே 'இந்தியாக்காரன்' என்றும், இங்கே 'சிலோன்காரன்' என்றும் அழைக்கப்பட்டது அவர்கள் பட்ட பெருந்துயரம். நாடற்றோராக அங்கே எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை தந்தது. 2023இல், மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் அவ்வழியே நடந்தனர்.

அரண்மனையும் ஏரியும் மட்டுமே ஒரு தலைநகரின் பெருமையாகா. அதற்கு வளம் சேர்த்துப் பெயரின்றி மறைந்தோரும் அந்நகரின் மரபே. ஆகவே அன்பர்களே, நம் இல்லங்களில் கண்டிச் சீமையின் நினைவைச் சுமக்கும் முதியோர் இருப்பின், அவர்கள் பிறந்த தோட்டத்தின் பெயரையும் பெற்றோரின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். நாள் கடந்தால் கேட்பதற்கு ஆள் இராது.