அண்ணாச்சியின் பச்சை பீரோ

தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் நடத்தும் சின்ன சங்கம் ஒன்று இருக்கிறது. ஒரே அறை. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, காமராஜர் படம், ஒரு பச்சை பீரோ. அந்த பீரோவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கூடவே நான் பண்ணிய ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

நம்ம ஆட்கள் எல்லோரும் பம்பாய்க்கு ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பலரைத் தாராவிக்கு இழுத்தது தோல் பதனிடும் தொழில். அங்கே பெரிய மசூதி 1887-லும் பிள்ளையார் கோயில் 1913-லும் வந்துவிட்டன. 1896-ல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்து, வடக்கே மனை பிரித்தான் வெள்ளைக்காரன். அப்படி உருவான மாட்டுங்காவில் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்த நம் குமாஸ்தாக்கள் குடியேறினார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் (எஸ்.ஐ.இ.எஸ். என்றால்தான் பலருக்குத் தெரியும்) 1932-ல் பிறந்தது. 1950-களில் டிராம்பே பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வர, செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருகின.

மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் சபா உண்டு, ஆண்டறிக்கை உண்டு, விழா மலர் உண்டு. அச்சில் ஏறியது எப்படியும் யார் வீட்டுப் பரணிலாவது தப்பிக் கிடக்கும். ஆனால் எங்கள் சங்கத்துச் சந்தா நோட்டுக்கு ஒரே பிரதிதான். யாருக்கு எந்த ஊர், எந்தத் தோல் பட்டறையில் வேலை, யார் வீட்டுச் சாவுக்கு எவ்வளவு பிரித்தார்கள், யார் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள்.. எல்லாம் மைப்பேனாவில். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது பீரோவின் கீழ்த்தட்டு மூழ்கியது. மை என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

அதற்கடுத்த வருஷம்தான் நான் வேலைக்காக இங்கே வந்தேன். கம்ப்யூட்டர்காரன் என்று தெரிந்ததும் செயலாளர் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் உற்சாகமாக நாற்பது பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, இலவச இடம் ஒன்றில் சங்கத்துக்கு வெப்சைட் போட்டேன். திறப்பு விழா, பொன்னாடை எல்லாம் நடந்தது. பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். இரண்டு வருஷத்தில் புனேக்கு மாற்றல். அந்த இலவச சேவையை மூடப்போவதாக வந்த மெயிலை நான் படிக்கவே இல்லை. தளம் போனது. என் ஹார்ட் டிஸ்கும் போனது. அசல் ஆல்பமோ ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்து, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

அண்ணாச்சி திட்டவில்லை. "கம்ப்யூட்டர்ல இருக்குல்லா தம்பி?" என்றுதான் கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று, ஸ்விட்சர்லாந்தின் லோசானில் வேலை பார்த்த வேதியியல் விஞ்ஞானி டாக்டர் கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் இருந்த டாக்டர் குமார் மல்லிகார்ச்சுனனும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள்தான். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் ஆளுக்கொரு நூலைத் தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் பிழை பார்த்தார். முதல் நூல் திருக்குறள். எழுத்துருக் குழப்பம் தலைவிரித்தாடிய காலம் அது. டிஸ்கி வந்தபோது அதற்கு மாற்றினார்கள், யூனிகோட் வந்தபோது அதற்கும் மாற்றினார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால் ஒருவர் தொலைத்தாலும் இன்னொருவரிடம் இருக்கும்.

1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே பிரதி இருந்தவை திரும்பவில்லை. 2005-ல் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் சிலர் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் இலக்கியத்தோடு நிற்கவில்லை. பள்ளி மலர், நினைவு மலர், துண்டுப் பிரசுரம் என்று எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். எங்கள் பீரோவுக்குச் சரியான முன்மாதிரி அதுதான்.

இப்போது நான் மறுபடி மும்பையில். செம்பூரில் எங்கள் பில்டிங்கைச் சேர்ந்த காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அண்ணாச்சிக்குத் தமிழ் தலைகீழ்ப் பாடம், போனில் பச்சை பட்டனைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதல் நாள் இரண்டு தரப்பும் முழித்தது. பிறகு வழி பிறந்தது. அண்ணாச்சி வாசிப்பார், அந்தப் பெண் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குவாள். நிழல் விழாமல் பக்கத்தைப் படம் எடுக்க அண்ணாச்சிக்குப் பையன் சொல்லிக் கொடுப்பான். இப்போது அந்தப் பெண் தெருப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்!

ஒருநாள் சங்கத்தின் பழைய மலர் ஒன்று சி.டி.யில் கிடைத்தது. திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். "இது என்ன பாஷை தம்பி?" என்றார் அண்ணாச்சி. பாமினி எழுத்துரு! ஆரம்ப காலத்தில் இணையத்தில் எழுதியவர்களுக்குச் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி ஞாபகம் இருக்கும். அதுபோன்ற மாற்றி ஒன்றில் போட்டதும் தமிழ் வந்து நின்றது. தான் எழுதிய முன்னுரையை அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார்.

எங்கள் சட்டம் மூன்றே மூன்று. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் வருஷம் இருக்க வேண்டும். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று தாராவிக்கு வெளியே. பாஸ்வேர்டு சங்கப் பொறுப்பாளர்கள் இருவரிடம் இருக்கும். என்னிடம் இருக்காது.

என்ன அவசரம் என்கிறீர்களா? தாராவியை இடித்துக் கட்டும் வேலையை அதானி குழுமம் 2022 நவம்பரில் ஏலத்தில் எடுத்தது. தாராவிக்குள்ளேயே இலவச வீடு வேண்டுமென்றால் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். சந்தா நோட்டு அதற்கெல்லாம் சான்று ஆகாதுதான். ஆனால் ஒரு காகிதம் என்ன பெறும் என்று அந்தத் தெருவுக்கு இப்போது நன்றாகத் தெரியும். சந்து போனால் சங்க அறையும் போகும். பீரோவை யார் வீட்டில் வைப்பது?

போன ஞாயிறு எனக்குக் காய்ச்சல், போகவில்லை. மத்தியானம் அண்ணாச்சியிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. பழைய நோட்டின் ஒரு பக்கம். ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் கொஞ்சம் விழுந்திருந்தது. கூடவே குரல் செய்தி: "தம்பி, நானே எடுத்தேன். சரியா இருக்கால?"

சரியாக இருந்தது.

நீங்கள் இருக்கும் ஊர்ச் சங்கத்திலும் இப்படி ஒரு பீரோ இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்த் திறந்து பாருங்களேன்.