பாரும் மணலும்

தூத்துக்குடியில் பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரிலிருந்து உதிர்ந்து கிடந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தேன். அந்த அளவுக் கருங்கல்லைவிட நன்றாகவே லேசாக இருந்தது. ஒட்டியிருந்த காரையைத் தட்டிவிட்டதும் கல் முழுக்கப் பூப்பூவாகக் குழிகள் தெரிந்தன. ஒவ்வொரு குழியிலும் நூல் கனத்தில் தகடுகள் நடுவை நோக்கிக் கூடியிருந்தன. ஒரு குழிக்கு ஒரு பவள உயிர் என்று இருந்த வீடுகள் அவை.

“அண்ணாச்சி, எல்லாம் பள்ளத்தில கொட்டப்போறதுதான். வேணுங்கறத எடுத்துக்கோங்க” என்றார் மேஸ்திரி. மூன்று கல் எடுத்துவந்தேன்.

நன்னீர் மீன்தொட்டி அமைத்துக் கொடுப்பது என் தொழில். தொட்டியில் முதலில் கல்லை நிறுத்த வேண்டும். அதன் பிறகு மரக்கட்டை, அதைச் சுற்றி மண், கடைசியில்தான் செடி. மண் பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருந்தால் சிறிய தொட்டிக்கும் ஆழம் வந்துவிடும். ஜப்பானியரான தகாஷி அமானோவின் தொட்டிகளைப் படங்களில் பார்த்துப் பழகியவன் நான். பெரிய கல்லை நட்டநடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளிச் சற்றே சாய்த்து வைப்பதும், கற்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைப்பதும் அவர் வழி. அப்படியே என் மூன்றடித் தொட்டியில் அந்த மூன்று கற்களையும் நிறுத்தினேன். பின்னால் நாடா நாடாவாக வளரும் வாலிஸ்னேரியா. நடுவில் சிவந்த ரோட்டாலா மாக்ராண்ட்ரா. கட்டையில் நூல் சுற்றிய அனுபியாஸ்.

சில வாரங்களில் ரோட்டாலாவின் கொழுந்து சுருங்கியது. புதிய இலைகள் சிறுத்து, நெளிந்து வந்தன. வாலிஸ்னேரியா மட்டும் செழித்தது. அப்போதுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். கல்லின் மேல் நாலு சொட்டு வினிகர் விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. முழுக்கச் சுண்ணாம்பு. செடிக்காக நான் தண்ணீரில் செலுத்திய கரியமில வாயு தண்ணீரைச் சற்றே அமிலமாக்க, அந்த அமிலம் கல்லைக் கரைக்க, தண்ணீர் நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே போயிருக்கிறது. ரோட்டாலா மாக்ராண்ட்ரா இந்தியாவின் தென்மேற்குப் பகுதிச் செடி. மென்மையான தண்ணீரில் பிறந்தது. வாலிஸ்னேரியாவுக்குக் கடின நீர் ஒரு பொருட்டே இல்லை.

கற்களை வெளியே எடுத்து வைத்தேன். தொட்டியில் தவறான இடத்தில் இருந்த இந்தக் கல்லுக்குச் சரியான இடம் எது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

எங்கள் கடலின் அடியில் இரண்டு வகை நிலம் உண்டு: பார் என்னும் கல்தரை, மணல். திரேஸ்புரத்தில் சங்கு குளித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எனக்கு இதை ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தார்: “கல்லு கெடந்தா சிப்பி, பூச்சிமணல் கெடந்தா சங்கு. ரெண்டும் இல்லன்னா மேல ஏறி வந்துரு தம்பி.” சங்கு மணலில் ஊர்ந்து அங்குள்ள புழுக்களைத் தின்று வாழ்வது. முத்துச்சிப்பி அப்படியல்ல. அதன் குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரம் நீரில் மிதந்து அலையும். பிறகு கெட்டியான ஏதாவது ஒன்றில் நூல் விட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். கல் கிடைத்தால் பிழைக்கும், மணலில் விழுந்தால் புதைந்து சாகும்.

பாண்டியர் துறைமுகமான கொற்கையின் முத்துக்கு இருந்த பெயர் கிரேக்க மாலுமிகளின் காலத்திலேயே உலகம் சுற்றியது. பாண்டியருக்குப் பின் போர்ச்சுகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், கடைசியில் ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறினாலும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: இந்த ஆண்டு சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, உண்டா? தொளாயிரம் பார் போன்ற பெரிய பார்களில் ஒரு வருடம் சிப்பி குவிந்திருக்கும். மறுமுறை போய்ப் பார்த்தால் வெறும் மணல். வருடக்கணக்கில் முத்துக்குளிப்பே இல்லாமல் போகும்.

இதற்குக் காரணம் தேடி 1902-இல் ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர் இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய வந்தார். உடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு நம் பக்கத்துப் பார்களையும் ஆராய்ந்து, 1905-இல் சென்னை அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நீரோட்டம் மணலை இழுத்துவந்து இளஞ்சிப்பிகளை மூடுகிறது, திருக்கை போன்ற மீன்கள் மிச்சத்தைத் தின்கின்றன என்று ஹெர்ட்மன் கண்டார். அவர் சொன்ன வழிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: பாரில் கல்லையும் ஓட்டையும் கொண்டுபோய்ப் போடுங்கள், குஞ்சு ஒட்ட இடம் கொடுங்கள், நெரிசலான இடத்துச் சிப்பியை எடுத்து இடம் உள்ள பாரில் விடுங்கள். தொட்டிக்கு நான் செய்கிற வேலையைக் கடலுக்குச் செய்யச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊரில் நடந்தது இதற்கு நேர் எதிர். கடலிலிருந்து கல் வெளியே வந்துகொண்டிருந்தது. தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைக் கடப்பாரையால் பெயர்த்துத் தோணிகளில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். முருகைக்கல் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பவளக்கல் சுவராயிற்று, சாலைக்குச் சல்லியாயிற்று, காளவாசலில் வெந்து சுண்ணாம்பாயிற்று. சுண்ணாம்பு வேண்டிய ஆலைகளுக்கும் போயிற்று. பெயர்த்தவர்கள் அன்றாடக் கூலிக்காரர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் பெயர்த்த கல்லால் கட்டிய வீடுகளில்தான் என் ஊர் வளர்ந்தது.

முத்துக்குளிப்பு 1955 தொடங்கி 1961 வரை வரிசையாக நடந்தது. அதற்குப் பிறகு சலாபம் கூடவே இல்லை. 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் க. அழகர்சாமி குழுவினர் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். சிப்பியை வளர்க்க மனிதன் கற்றுக்கொண்டான். பாரின் நிலைமை அதனால் மாறிவிடவில்லை.

இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள் உண்டு. அவற்றில் எங்கள் பக்கத்து விலாங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் இன்று நீருக்குள் இருக்கின்றன. அலையின் வேகத்தை முன்னாலேயே உடைத்துத் தீவின் மணலைக் காப்பது பவளப்பாறைதான். கல்லைப் பெயர்த்ததும் அலை நேராக வந்து மணலை அள்ளியது. தூத்துக்குடிக்கு மிக அருகில் உள்ள வான் தீவு 1986-இல் 16 ஹெக்டேராக இருந்தது. 2014-இல் சுமார் 2 ஹெக்டேர்தான் மிஞ்சியது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இலேயே அறிவிக்கப்பட்டிருந்தும், கல் எடுப்பது ஓய்ந்தது 2004 சுனாமிக்குப் பிறகுதான். தீவும் பாறையும் கரைக்கு என்ன செய்கின்றன என்பதை அந்த ஒரு காலை எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

2015-இல் வான் தீவுக்கு முன்னால் கல் வைக்கும் வேலை தொடங்கியது. மாநில அரசுக்காக, எங்கள் ஊர் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து திட்டம் வகுத்தன. அடி அகன்று தலை குறுகிய கான்கிரீட் கூடுகள், பக்கமெல்லாம் ஓட்டைகள். பத்தாயிரத்துக்கு மேல் இறக்கினார்கள். அலை அவற்றில் மோதித் தளர்கிறது, மீன் ஓட்டைக்குள் புகுந்து தங்குகிறது, பவளம் மேலே ஒட்டுகிறது. கூடவே கடல்புல்லும் நட்டார்கள். மீனவர்கள் தாழை என்று சொல்கிற அந்தப் புல்லை வேரோடு எடுத்து, சட்டங்களில் சணல் நூலால் கட்டி, அடிமணலில் பதிப்பது முறை. சணல் மக்குவதற்குள் வேர் பிடித்து, அந்த வேர் மணலைப் பிடித்துக்கொள்ளும். இதைப் படித்த அன்று கட்டையில் அனுபியாஸை நூல் சுற்றும் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

சிமெண்டும் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவதுதான். கடலிலிருந்து அள்ளிக் காளவாசலில் போட்ட சுண்ணாம்பை, தலைமுறை கடந்து, வேறு உருவத்தில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பவளம் கட்டியதற்கு இது ஈடாகாது. பெரும்பாலான பவளக்கல் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரைதான் வளரும். நான் கையில் எடுத்த அந்தக் கல், கொத்தனார் கைக்கு வரும் முன் எத்தனை வருடம் கடலில் வளர்ந்திருக்கும்!

மூன்றடித் தொட்டியை மறுபடி அமைத்தேன். இந்த முறை கருங்கல், வினிகர் விட்டுப் பார்த்த பிறகு. வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரில் ரோட்டாலா சிவந்து நிற்கிறது. முருகைக்கற்கள் மூன்றும் கடை மேசையில் இருக்கின்றன. தொட்டி வாங்க வருகிற பிள்ளைகள் கையில் ஒன்றைக் கொடுத்து, ஒரு சொட்டு வினிகர் விட்டு, காதோரம் வைத்துக் கேட்கச் சொல்கிறேன். நுரை அடங்கியதும், இது எங்கே இருந்த கல் என்று சொல்லத் தொடங்குகிறேன்.