இறக்கையில் இரண்டு எழுத்து

கே.கே. நகர் வீட்டு மொட்டைமாடி அறையில் ஒரு பால்சா மர விமானம் மூன்று வாரமாகப் பெயின்ட் காணாமல் கிடக்கிறது. டி ஹாவிலாண்ட் புஸ் மோத். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு, அகமதாபாத்தில் இறங்கி, பம்பாய் ஜூஹுவுக்கு ஓட்டிவந்தாரே, அதே வகை. அகமதாபாத்தில் அதற்கான பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்தன. ஜூஹுவிலிருந்து தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸ் கொண்டுவந்து சேர்த்தார்.

செதுக்குவதில் சிரமம் இல்லை. நிறம்தான் படுத்துகிறது. அக்காலப் படங்கள் கறுப்பு-வெள்ளை. அன்று பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது, கறுப்பாக விழும். நீலமோ வெளிறிப்போய்விடும். பான்குரோமேட்டிக் ஃபிலிம் என்றால் கணக்கே வேறு. படத்தில் இருக்கிற சாம்பலைப் பார்த்து நிறம் சொல்வது கிளி ஜோசியம் மாதிரிதான். இறக்கைக்கு மட்டும் ஒரு பிடி இருக்கிறது. துணி போர்த்திய இறக்கையை வெயில் அரிக்காமல் இருக்க அலுமினியத் தூள் கலந்த டோப் பூசுவது அந்தக் கால வழக்கம். அதனால் இறக்கைக்கு வெள்ளி என்று முடிவுசெய்தேன்.

எழுத்தில் குழப்பமே இல்லை: வி.டி.–ஏ.டி.என். டாட்டாவின் அந்த விமானத்துடைய பதிவு எண்.

ஸ்டென்சில் வெட்ட வந்த அக்கா மகன் பிளேடைக் கீழே வைத்துவிட்டான். ஒன்பதாவது படிக்கிறான். "மாமா, வி.டி.ன்னா வைஸ்ராய்ஸ் டெரிட்டரியாம்ல? வெள்ளக்காரய்ங்க வச்ச எழுத்த நம்ம எதுக்கு வரையணும்?"

எனக்கும் யாரோ அப்படித்தான் சொல்லித்தந்திருந்தார்கள். வைஸ்ராயின் பிரதேசம். கேட்டதும் ரத்தம் கொதிக்கும் விளக்கம். ஆனால் ஒட்டவைத்த விளக்கம். 1927இல் வாஷிங்டனில் நடந்த வானொலித் தந்தி மாநாட்டில் நாடுகளுக்கு அழைப்புக் குறிகளைப் பங்குபோட்டார்கள். வி வரிசை பிரிட்டிஷ் பேரரசுக்குப் போனது. வி.ஹெச். முதல் வி.எம். வரை ஆஸ்திரேலியா, வி.ஓ. நியூஃபவுண்ட்லாந்து, வி.பி. முதல் வி.எஸ். வரை காலனிகள், அதை அடுத்து வி.டி. முதல் வி.டபிள்யூ. வரை பிரிட்டிஷ் இந்தியா. டி வந்தது எஸ்ஸுக்கு அடுத்த எழுத்து என்பதால்தான். வைஸ்ராயைக் கேட்டு வைத்ததில்லை. அதற்கு முன் நம் விமானங்களில் ஜி–ஐ என்று இருந்தது. ஜி பிரிட்டனுடைய எழுத்து. அதையும் சொன்னேன்.

"அப்ப அவய்ங்க பீரோல நமக்கு ஒரு தட்டு குடுத்திருக்காய்ங்க. அம்புட்டுத்தான?" என்றான்.

பதில் சொல்ல முடியவில்லை. விடுதலைக்குப் பிறகு பாகிஸ்தான் ஏ.பி. எடுத்துக்கொண்டது. இலங்கையிடம் இருந்ததும் வி.பி.–சி.தான், இன்று 4ஆர். மதுரைக்கு வந்துபோகும் கொழும்பு விமானத்தில் அதைப் பார்க்கலாம். ஹாங்காங்கின் வி.ஆர்.–ஹெச் 1997இல் போனது. பம்பாயின் வி.டி. ஸ்டேஷன்கூட 1996இல் பெயர் மாறிவிட்டது (அது விக்டோரியா டெர்மினஸ், வேறு கதை). இந்தியாவுக்கு ஏ.டி. முதல் ஏ.டபிள்யூ. வரை இன்னொரு வரிசையும் கையில் இருக்கிறது. ஆனாலும் நம் விமானங்களில் வி.டி. அப்படியே நிற்கிறது. ஆஸ்திரேலியாவும் வி.ஹெச்.சை விடவில்லை என்பார்கள். எனக்கு அது சமாதானமாகத் தோன்றவில்லை. மாற்றலாம், மாற்றவேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இது 1932. அன்றைக்கு அந்தத் தபால் பறந்தது அந்தத் தட்டில் இருந்த எழுத்தோடுதான். அதை அழித்துவிட்டுப் பெயின்ட் அடித்தால், நடந்ததை நானே திருத்தி எழுதியதாகிவிடும்.

பயல் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாஸ்கிங் டேப்பைக் கிழித்து இறக்கையில் ஒட்டினான். "சரி, கறுப்புல அடிங்க மாமா. ஆனா ஒடம்புக்கு என்ன கலர்?"

"நீயே சொல்லு."

"சிவப்பு. ஃபிலிமுக்குத்தான் அது தெரியாதுல்ல."

வி நன்றாக வந்துவிட்டது. டேப்பை எடுக்கும்போது டியின் ஓரத்தில் மட்டும் பெயின்ட் கொஞ்சம் கசிந்திருந்தது. காய்ந்ததும் சுரண்டவேண்டும்.