போகாத கடிதம்
1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதோடு நம்ம வரலாற்றுக் கதையாடல் முடிஞ்சுபோகிறது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் அங்கே எப்படி நாள் கழித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அவர்களில் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, வயது 15. தூத்துக்குடியில் அவரைக் காவல் காத்த ஆங்கிலேய அதிகாரி வெல்ஷுக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். 1818இல் பினாங்கில் எதிரே வந்து நின்ற, முகம் சுருங்கிய 'கிழவர்' யாரென்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகே புரிந்தது. வயது முப்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். குடும்பத்துக்கு ஒரு கடிதம் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டார் துரைசாமி. விதி இடம் தராது என்று வெல்ஷ் மறுத்துவிட்டார்.

நாடுகடத்தலின் அன்றாடம் இதுதான்: ஊர் இருக்கும், சேதி போகாது. இதுவும் 1830இல் வெளிவந்த வெல்ஷின் நினைவுக்குறிப்பு வழியாகத்தான் நமக்குத் தெரியும். மறுத்தவரின் பிரதிக்குள்தான் கேட்டவரின் குரலைத் தேடியாக வேண்டியிருக்கிறது.