தொண்டி: காதலுக்கு ஒரு கடற்கரை ஊர்



எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருமுறை, "ஒரு கதை எழுதுங்கள். கதை நடக்கும் ஊரை நீங்களே படைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். ஒரு மாணவி எழுதிய கதை ஒரு சிறிய கடற்கரை ஊரில் நடந்தது. அங்கே ஒரு மீனவ இளைஞன், பூக்கட்டும் ஒரு பெண், முடிவில் திருமணம். அந்தப் பிள்ளை கடலைப் பார்த்தது ஒரே ஒருமுறைதான், லுமுட் பக்கத்தில் உள்ள தெலுக் பாத்தேக் கடற்கரைக்கு நாங்கள் சுற்றுலா சென்றபோது. "நம் தோட்டத்தையே எழுதியிருக்கலாமே, அம்மா" என்றேன். "நம் தோட்டத்தில் எழுத என்ன சார் இருக்கிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இன்று உங்களை ஒரு பழைய கடற்கரை ஊருக்கு அழைத்துச் செல்கிறேன். அந்த ஊரின் பெயர் தொண்டி.

தொண்டி என்றவுடன் இராமநாதபுரம் மாவட்டத்துக் கிழக்குக் கடற்கரைத் தொண்டியை எண்ணிவிடாதீர்கள். நான் கூறுவது மேலைக் கடற்கரையில், இன்றைய கேரள நாட்டில், சேர மன்னர்க்கு உரியதாய் இருந்த தொண்டி. கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூலில் இவ்வூர் 'திண்டிஸ்' என்று குறிக்கப்படுகிறது. சேர நாட்டைச் சேர்ந்தது. கடலோரத்தில் கண்ணுக்கு நன்கு தெரியும் ஊர். அங்கிருந்து முசிறித் துறைமுகம் 500 ஸ்டேடியம், அதாவது ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு. அந்நூல் இவ்வூரைப் பற்றிச் சொல்வது இவ்வளவே. வணிகருக்கு வேண்டியது வழியும் தொலைவுந்தானே!

ஆனால் அந்த ஊரில் மாலை நேரம் எப்படி இருந்தது? தெருவில் என்ன ஓசை கேட்டது? காற்றில் என்ன மணம் வந்தது? இவற்றை அறிய நாம் புலவரிடம் செல்ல வேண்டும்.

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று ஐங்குறுநூறு. உ. வே. சாமிநாதையர் அதனை 1903இல் பதிப்பித்தார். ஐந்து திணைகளுக்கும் திணைக்கு 100 பாட்டாக ஐந்து புலவர்கள் பாடியது அது. நெய்தல் திணையைப் பாடியவர் அம்மூவனார். அவருடைய நூறு பாட்டுகளுள் 171 முதல் 180 வரை உள்ள பத்துக்கும் 'தொண்டிப் பத்து' என்று பெயர். ஒரு பாட்டின் இறுதிச் சொல் அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் அந்தாதி அமைப்பில், அலைக்குப் பின் அலையாக அப்பாட்டுகள் வருகின்றன.

முதற் பாட்டில் அலையோசையும் முழவோசையும் கலந்து தெருத்தெருவாக ஒலிக்கின்றன. அத்தகைய தொண்டியைப் போன்றவள் தன் நெஞ்சைக் கொண்டாள் என்கிறான் தலைவன். அடுத்த பாட்டில், தொண்டிக் கடலின் அலையைப் போலத் தானும் இரவில் உறங்கவில்லை என்கிறான். அவள் கூந்தலில் நெய்தற் பூ மணக்கிறது. பின்னர் வரும் பாட்டு ஒன்றில் நண்டு தாக்க, துறையில் இறால் துள்ளுகிறது. இறுதிப் பாட்டில், பறக்க இயலாத முதிய குருகு ஒன்று வலைஞர் கொண்டுவந்த கொழுத்த மீனை உண்டு அத்துறையில் தங்கியிருக்கிறது. "அந்தத் தொண்டியைப் போன்றவள் இவள். விரைவில் வந்து மணந்துகொள்" என்று தோழி தலைவனிடம் கூறுகிறாள்.

அந்த முதிய குருகை எண்ணிப் பாருங்கள். வலிமை இழந்த பறவைக்கும் உணவு கிடைக்கும் ஊர் அது. அத்தகைய ஊரைப் போன்ற பெண்ணைக் காக்க வைப்பது முறையாகுமா? தோழி இதை வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஊரைக் காட்டுகிறாள், அவ்வளவுதான். ஊர் இங்கே வெறும் அலங்காரம் அன்று. தோழியின் வழக்கிற்கு அதுவே சான்று.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பாட்டில் குட்டுவன் என்னும் சேர மன்னனின் பெயர் வருகிறது. தலைவனுக்கோ தலைவிக்கோ பெயர் இல்லை. அகப்பாட்டில் காதலரின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. எனவே காதலர் கற்பனை மாந்தர். ஊர் மட்டும் உண்மை. புறநானூற்றின் 48ஆம் பாட்டில் பொய்கையார் என்னும் புலவர், மாலையும் நெய்தற் பூவும் மணக்கும் தொண்டியே தம்முடைய ஊர் என்று பெருமையோடு கூறுகிறார். அப்படி மனிதர் வாழ்ந்த ஊரில்தான் அம்மூவனார் தம் கற்பனைக் காதலரை நடமாட விட்டார். ஊர் உண்மையாக இருப்பதால் கதையை நம்புகிறோம். காதலருக்குப் பெயர் இல்லாததால் அந்த இடத்தில் நம்மை நாமே வைத்துப் பார்க்கிறோம்.

நெய்தலுக்கு உரிய உணர்வு இரங்கல். கரையில் நின்று, வராதவரை எண்ணி வருந்துவது. இது நமக்குப் புதிதா? 1926இல் கட்டப்பட்ட 'ராஜுலா' கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம்மவரை ஏற்றி வந்தது. அது புறப்பட்டபோது அந்தக் கரையில் நின்றவர்களுக்கு நெய்தலின் பொருளை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். தோட்டத்தில் எழுத என்ன இருக்கிறது? தொண்டியில் என்ன இருந்தது? வலை, மீன், நண்டு, பூ, முழவு. அன்றாடம் கண்ணில் படுபவைதாம். தோட்டத்திலும் விடியற்காலைப் பெரட்டு உண்டு. பால் வாளியின் ஓசை உண்டு. ரப்பர் விதை வெடிக்கும் சத்தம் உண்டு. மாரியம்மன் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் உண்டு. லயத்து வாசலில், வேலைக்குப் போக முடியாத முதியவருக்கும் ஒரு கிண்ணம் சோறு எடுத்துவைக்கும் பக்கத்து வீடு உண்டு. இவற்றினிடையே காதலித்து மணந்தவர்கள்தாமே நம் தாத்தா பாட்டிமார்?

பேராக் மாநிலத்தில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயம் இருந்த இடம் தெரியவில்லை. அளவு எடுத்தவர்களின் ஏட்டில் அவற்றின் ஏக்கர் கணக்கு இருக்கும். முழவோசையும் மணமும் எந்த ஏட்டிலும் இரா. சேரர் காலத்துத் துறைமுகம் மறைந்த பின்னும், அதன் மாலைப் பொழுதைப் பத்துச் சிறு பாட்டுகள் இன்றுவரை காத்து வருகின்றன.

அந்த மாணவியின் கதையை நான் மாற்றச் சொல்லவில்லை. கடற்கரை ஊர் அவள் படைத்த ஊர்; அது அவளுக்கே உரியது. "அடுத்த கதையில் மட்டும் உன் பாட்டி திருமணமான நாளில் லயத்தில் என்ன ஓசை கேட்டது என்று அவரிடமே கேட்டு எழுதிவா" என்றேன். மறுநாள் இரண்டு பக்கம் எழுதி வந்தாள். நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அந்தக் கேள்வியை இன்றே கேளுங்கள்.