பதிவேட்டில் ஏறும் பெயர்

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் பெரும்பாலும் நர்சிங் உதவியாளர்களின் வேலை. ஆனால் 1980களில்கூட அவர்களுக்கு நாடு தழுவிய பயிற்சி விதி கிடையாது. முதியவர்களைக் கட்டிலோடு கட்டிவைப்பது சர்வசாதாரணமாக நடந்தது. கொடுமை அது.

1986இல் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் அறிக்கை இந்த அவலத்தை எடுத்துவைத்தது. மறு ஆண்டே சட்டம் வந்தது: குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, தேர்வு, மாநிலந்தோறும் உதவியாளர் பதிவேடு. ஊழியர் வசதிக்காகக் கட்டிவைப்பதற்கும் தடை.

அடித்தது, கவனிக்காமல் விட்டது, முதியவரின் பொருளை எடுத்துக்கொண்டது என எதுவாயினும், விசாரணையில் உறுதியானால் அந்த முடிவு உதவியாளரின் பெயரோடு பதிவேட்டில் ஏறும். பிறகு அரசு நிதி பெறும் எந்த இல்லமும் அவருக்கு வேலை தரக்கூடாது. அவர் தம் தரப்பைச் சொல்லவும் வாய்ப்புண்டு; அதுவே நியாயம்.

1997இல் ஒரு தளர்வு வந்தது. ஒரே ஒருமுறை நேர்ந்த கவனக்குறைவு என்றால், ஓராண்டுக்குப் பின் அந்தப் பதிவை நீக்கக் கோரலாம். அடித்தவருக்கும் திருடியவருக்கும் அந்தச் சலுகை இல்லை.